பன்னிரண்டு ரூபாய் மாவு

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் கடிதத்துக்கு முறை. போன ஞாயிற்றுக்கிழமைதான் போனில் அதைக் கேட்டேன், நீயும் நல்லா இருக்கோம்ப்பா என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்ட கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே கடலூரில் பகலில் கரண்ட் இருக்கிற நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. ஃபேன் ஓடாத மதியங்களில் ரிட்டயர்டு ஆனவனுக்கு வேறு என்ன வேலை? மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியது இது. கையெழுத்து இடையிடையே மாறியிருந்தால் அதுதான் காரணம்.

நீ கேட்டது இதுதான். உங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம் ஆகிறது. வேளச்சேரி வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் ஒரு அம்மாவை வைத்துக்கொள்ளலாம் என்று நிவேதா சொல்கிறாள். அந்த அம்மா மாசம் ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறார். நாலு தட்டு, இரண்டு குண்டான், ஒரு ஹால், ஒரு பெட்ரூம், அரை மணி நேர வேலை, இதுக்கு ஆயிரத்தைந்நூறாப்பா என்று கேட்டாய். கேட்டுவிட்டு, நான் உன் பக்கம் பேசுவேன் என்று காத்திருந்தாய். உன்மேல் தப்பில்லை. விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கிற மனுஷனாகத்தான் என்னை நீ பார்த்து வளர்ந்திருக்கிறாய். அம்மா கூப்பிடுறா என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அம்மா கூப்பிடவில்லை. நீ பேசியதைக் கேட்டபோது, அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில் நின்று நான் பேசியது மாதிரியே இருந்தது.

என் ஆபீஸ் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பில் சரிபார்த்தேன். டூர் போய் வந்தவன் கொடுக்கிற பஸ் கட்டணம், லாட்ஜ் வாடகை, ஸ்டேஷனரிக்காரன் கொடுக்கிற பில், எல்லாவற்றிலும் எங்கே கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று தேடி சிவப்பு மையில் வெட்டுவது. அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பேனாவை ஆபீசிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டு வந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட ரெண்டு ரூபாயா, கரிக்கு என்ன செலவு ஆகிடும்? பஸ் ஸ்டாண்டிலிருந்து புதுப்பாளையத்துக்கு ஆட்டோ முப்பது ரூபாயா, நடந்தால் இருபது நிமிஷம். நீ பிளஸ் ஒன் படித்தபோது பிச்சாவரம் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வருஷமாக அம்மா கேட்டுக் கேட்டுப் போனோம். படகுக்கு எவ்வளவு என்று எழுதிப் போட்டிருந்த போர்டைப் படித்தேன். தண்ணியில போய் மரத்தைப் பாக்க இவ்வளவா, கரையிலேர்ந்து பாத்தாலும் இதே மரந்தான் என்று சொன்னேன். கொண்டுபோன புளிச்சோற்றைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கிள்ளை வழியாக பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததை சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு அப்போதெல்லாம் வழக்கம்.

அதற்கு அடுத்தடுத்த வருஷம், பிளஸ் டூ முடித்து நீ திருச்சியில் காலேஜ் சேர்ந்தபோது, அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தவள். பதினெட்டு வருஷம் அந்த சர்ட்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அவளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பையன் பீஸுக்காகப் போறா என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். முதல் ஒரு வருஷம் ரயில் இருந்தது. சீசன் டிக்கெட் எடுத்தால் அவ்வளவு செலவில்லை, உட்கார்ந்து போகலாம். பிறகு தண்டவாளம் மாற்றுகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ்தான். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழரைக்குத் திரும்புவாள். வந்து கை கால் கழுவிவிட்டு நேராக அடுப்படி. வாரத்தில் இரண்டு நாள் மாவு அரைப்பது வேறு.

அந்த மாவுதான் விஷயம். அந்தச் சமயத்தில்தான் நம்ம தெருமுனைக் கடையில் இட்லி மாவு பாக்கெட்டில் வர ஆரம்பித்தது. ஒரு பாக்கெட் பன்னிரண்டு ரூபாய். வாரத்துக்கு ரெண்டு பாக்கெட் வாங்கிக்கலாமா, கை வலிக்குது என்று அம்மா கேட்டாள். நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். பழைய கவர் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினேன். புழுங்கலரிசி இவ்வளவு, உளுந்து இவ்வளவு, வெந்தயம் இவ்வளவு, கிரைண்டருக்குக் கரண்ட் இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் ஆறரை ரூபாய் வந்தது. ஆறரை ரூபாய் மாவைப் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்கிறான், பாதிக்குப் பாதி கொள்ளை என்று அடியில் கோடு போட்டு அவளிடம் காட்டினேன். நல்ல பில் ஒன்றை வெட்டிய சந்தோஷம் எனக்கு.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் கவரை வாங்கிப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல எனக்கு எவ்ளோ போட்டிருக்கீங்க?"

எனக்குப் புரியவில்லை. உனக்கு என்ன போடுவது என்று கேட்டேன்.

"அரைக்கிறது நானு. ஊற வெக்கிறதும் கழுவுறதும் நானு. கடைக்காரன் அதுக்குந்தான சேத்து வாங்குறான். எனக்கு எவ்ளோ?"

"உனக்கு எதுக்குப் போடணும்? நீ வீட்டு ஆளுதான."

இதைத்தான் சொன்னேன், தம்பி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாங்கிக்கொள்வேன். அவள் கவரை டேபிள்மேல் வைத்துவிட்டு கிரைண்டரைப் போடப் போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஆடி கழிந்திருக்கும், ஒரு காலையில் அவள் பையில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி சிதம்பரம் வடக்கு வீதிப் பக்கம் ரூம் எடுத்திருக்கிறாள், அதில் தனக்கும் இடம் இருக்கிறது, கொஞ்ச நாள் அங்கே இருந்து பார்க்கப் போகிறேன் என்றாள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறது, வந்தால் அடுப்பு, உடம்பு தாங்கவில்லை என்றாள். நான் அப்போது கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? வாடகை எவ்வளவு. அவள் பங்கு ஐந்நூறு என்றாள்.

"ஐந்நூறு ரூபாய்க்கு அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"கதவு இருக்கு. உள்ள போய் சாத்திக்கிட்டா யாரும் கணக்கு கேக்க மாட்டாங்க."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, அழவில்லை. பிரிட்ஜில் மாவு இருக்கிறது, மூன்று நாளைக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்று மாசத்துக்கு மேல் உன் அம்மா இந்த வீட்டில் இல்லை, தம்பி. நீ மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். உனக்குச் சொல்ல வேண்டாம் என்பதில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே முடிவில் இருந்தோம். ஞாயிறுதோறும் நீ வீட்டுக்குப் போன் செய்வாய். அம்மா திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருக்கா என்பேன். ஒரு தடவை நீயே, என்னப்பா எல்லா ஞாயிறும் திருவந்திபுரமா என்று கேட்டுச் சிரித்தாய். அவள் உன்னிடம் சிதம்பரத்தில் ஒரு ரூபாய் போனிலிருந்து பேசினாள். லேப் பக்கத்திலிருந்து பேசுறேன் என்பாள். அது பொய்யில்லை. தீபாவளிக்கு வராதே, ரிசர்வேஷன் கிடைக்காது, பொங்கலுக்கு வா என்று நான் சொன்னதற்கும் காரணம் இப்போது உனக்குப் புரியும். அந்தத் தீபாவளிக்கு நீ ஹாஸ்டலில் இருந்தாய். அதற்கும் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவள் போனதும் எனக்கு வந்தது வருத்தமில்லை, வீம்பு. மாவு அரைப்பது என்ன பெரிய வித்தையா, நானே செய்து காட்டுகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன். பத்து மணிக்குப் பார்த்தால் இன்னும் ஊறவில்லை. மதியம் கிரைண்டரில் உளுந்தைப் போட்டேன். தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டேன். அப்புறந்தான் தெரிந்தது, அது பக்கத்திலேயே நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, கையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டிய வேலை என்று. நடுவில் கரண்ட் போனது. வந்ததும் அரிசியைப் போட்டேன். அரைத்து முடித்து, வழித்து, கல்லைத் தூக்கிக் கழுவி, தரையெல்லாம் துடைத்து நிமிர்ந்தபோது மணி ஐந்து. பேப்பர் படிக்கவில்லை, தூங்கவில்லை, கடற்கரைப் பக்கம் நடக்கப் போகவில்லை. என்னுடைய ஒரே விடுமுறை நாள் அந்தப் பாத்திரத்துக்குள் போய்விட்டது. மறுநாள் இட்லி ஊற்றினேன். தட்டிலிருந்து எடுக்கவே வரவில்லை. நான் எழுதிய ஆறரை ரூபாயில் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு அப்படி வாரத்தில் இரண்டு நாள். அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த பிறகு.

உறைத்ததும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கேட்கவில்லை. வெட்கம். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கடத்தினேன். புவனகிரியிலிருந்து உன் மாமா போன் செய்தார். என்ன மச்சான் நடக்குது, நான் வந்து பேசட்டுமா என்றார். அவள் யாரும் பேச வரக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாளாம். பஞ்சாயத்து வைத்துத் திரும்பி வர அவளுக்கு இஷ்டமில்லை. எனக்கு அது அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவள் என் மானத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

இதற்கு நடுவில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சரியில்லை என்றால் படுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே இருந்த தாகம் எந்நேரமும் என்று ஆகிவிட்டது. ஆபீசில் அரை மணிக்கு ஒருதரம் எழுந்து போனேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பக்கத்து சீட்டு நண்பர் சக்கரையைப் பாருங்க சார் என்றார். ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து நம்பர் எழுதிக் கொடுக்க நாற்பது ரூபாய் வாங்குகிறார்கள் என்று நானே பல தடவை பேசியிருக்கிறேன். உன் அம்மா வேலைக்குப் போன பிறகும் அவள் எதிரிலேயே பேசியிருக்கிறேன். கடலூரில் லேப் இல்லாமல் இல்லை. ஆனால் ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டிருந்த காலையில், லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பரிசோதனைக்குத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு முன் நான் அந்த லேபுக்குப் போனதே இல்லை. இரண்டு வருஷமாக மனைவி வேலை பார்க்கிற இடத்தை எட்டிப் பார்க்காதவன் நான். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியாக அவள் தெரிந்தாள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். எதிரில் ஒரு வயதானவர், கிள்ளைப் பக்கத்து மீன்காரர் போலிருந்தது, ஊசி என்றால் பயப்படுகிறார். அவள் அவரிடம் இன்றைக்கு என்ன மீன் ஏலம் போனது என்று விசாரித்துக்கொண்டே கையைத் தட்டி நரம்பைப் பார்த்தாள். அவர் இறால் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டு எடுத்துவிட்டாள். அவர் எப்போ குத்தப் போறீங்க என்று கேட்டார். ஆச்சு, எழுந்துக்குங்க என்றாள். அடுத்து ஒரு கைக்குழந்தை. அதற்கு நரம்பே கிடைக்கவில்லை. குழந்தையின் தாய் அழுகிறாள். இவள் அவசரப்படவில்லை. உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்து, குழந்தையின் கைமேல் வைத்து, காத்திருந்து எடுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் என்று நான் சொன்னது இதைத்தான்.

என் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சீட்டை இழுத்து, பெயரையும் வயதையும் கேட்காமலே எழுதினாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். பதில் சொன்னேன். கையைப் பிடித்தாள். மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கை அவள் கையில் இருந்தது. எனக்குக் கண் கலங்கியதை வலி என்று நினைத்தாளோ என்னவோ, முடிஞ்சுதுங்க என்றாள். கவுண்ட்டரில் நாற்பது ரூபாய் கட்டிவிட்டு வெளியே உட்காருங்கள் என்றாள். போய்க் கட்டினேன். சில்லறையைக்கூட எண்ணவில்லை.

ரிசல்ட்டை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கோட்டோடு என் பக்கத்தில், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். முன்னூற்று நாற்பது என்று காட்டினாள்.

"எத்தினி நாளா தாகம் எடுக்குது?"

ஆறு மாசமா என்றேன்.

"ஆறு மாசமான்னா நான் வீட்ல இருக்கும்போதேதான. ரத்தம் எடுக்கிறவ வீட்லயே இருந்தேன். ஏன் சொல்லல?"

சர்க்கரை என்று வந்துவிட்டால் மாசாமாசம் மாத்திரைச் செலவு என்று பயந்தேன் என்றேன். அது பாதி உண்மை. மீதியையும் அன்றைக்குச் சொன்னேன். அந்தக் கவரில் உனக்கு ஒன்றும் எழுதாமல் விட்டது தப்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அரைத்துப் பார்த்துவிட்டேன், அது எனக்கு அப்போதே தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை என்றேன். அவள் அழுதாள். உள்ளே கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவள், வாசலில் நின்று, டாக்டரிடம் இன்றைக்கே காட்ட வேண்டும், ஒரு மணிக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு வருகிறேன், எங்கேயும் போய்விடாதீர்கள் என்றாள்.

உடனே என்னோடு வந்துவிட்டாள் என்று நினைக்காதே. டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிய பிறகு, மேல வீதியில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசினோம். வருகிறேன், ஆனால் ஒரு வாரம் தினமும் காலையில் என்னோடு இங்கே வந்து விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆறு நாள் லீவு போட்டேன். முதல் நாள் ஜன்னல் ஓரம் கிடைத்தது. இரண்டாம் நாளிலிருந்து நின்றுகொண்டுதான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறார்களே தவிர இறங்குகிறவர்கள் இல்லை. மழைக்கு ரோடெல்லாம் பள்ளம். வெள்ளாற்றுப் பாலம் வரும்போது கால் மரத்துப் போயிருக்கும். நாலாம் நாள் சாயங்காலம், நிற்க முடியாமல் நான் படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தபோது, அவள் தனக்குக் கிடைத்த சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றாள். அன்றைக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நானே போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன். எவ்வளவு என்று கேட்காமல் ஏறினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வெலை கேக்காம ஏறாதீங்க, அவன் அம்பது சொல்லப் போறான் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வாரம் முடிந்து அவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நீ பொங்கலுக்கு வந்தபோது எல்லாம் பழையபடி இருந்தது. அப்பா ஏன் இளைச்சிட்டாரு என்று மட்டும் கேட்டாய்.

இதையெல்லாம் சொன்னதால் நான் ஊதாரியாகிவிட்டேன் என்று நினைக்காதே. தண்ணீர் கேன் விஷயத்தில் இன்னும் என் மனசு ஆறவில்லை. குழாயில் வரவேண்டியதைக் காசு கொடுத்து வாங்குவது எந்த ஊர் நியாயம்? உன் கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்குத் தனி வாடகை என்று ஒரு பில் நீட்டினானே, அதை வெட்டியபோது எனக்கு இருந்த ஆனந்தம் உனக்குத் தெரியும். உலகத்தில் பாதி விஷயத்துக்கு விலை ஜாஸ்திதான். கேள், பேரம் பேசு, வேண்டாமென்றால் விட்டுவிடு. ஆனால் நீ விட்டுவிடுகிற அந்த வேலையை வீட்டில் யாராவது செய்தாக வேண்டும் என்றால், அது யார் என்று மட்டும் ஒரு தடவை பார். அந்த அம்மாவுக்கு ஆயிரத்தைந்நூறு ஜாஸ்தி என்று உனக்குத் தோன்றினால் கொடுக்காதே. தினமும் காலையில் நீயே பாத்திரம் தேய், நீயே பெருக்கு. அதுவும் நல்ல முடிவுதான். காசும் கொடுக்காமல், தானும் செய்யாமல், அவள் தலையில் விழட்டும் என்று விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது. நான் போனது அந்த வழி. அதில் செலவே தெரியாது, அதுதான் அதில் உள்ள மோசம். நிவேதாவும் காலையில் எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கிறவள்தானே. அப்புறம், அந்த அம்மாவை வைத்துக்கொண்டால், அரை மணி நேர வேலை என்று அவர் காதுபடச் சொல்லாதே. நாலு வீட்டுப் படி ஏறி இறங்கித்தான் அந்த அரை மணி நேரம் உன் வீட்டுக்கு வருகிறது.

உன்னை நினைத்து எனக்குப் பயமில்லை, நம்பிக்கைதான் இருக்கிறது. எனக்கு இருபது வருஷம் கழித்துக் கேட்கத் தோன்றியதை நீ நாலாவது மாசத்திலேயே கேட்டிருக்கிறாய், அதுவும் நிவேதாவிடம் சண்டைக்குப் போகாமல் என்னிடம் கேட்டிருக்கிறாய். உனக்கே முழுசாக மனசு ஒப்பவில்லை என்றுதானே அர்த்தம்? இந்தக் கடிதத்தை அவளுக்கும் படிக்கக் கொடு. மாமனாரைப் பற்றி அவள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கதையை அவளைக் கேட்காமல் அனுப்பக்கூடாது இல்லையா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசையும் படித்தாள். பிறகு, இன்னொன்று எழுத விட்டுப்போச்சு, உங்களுக்கே தெரியாது என்றாள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகும் அவள் அந்த வடக்கு வீதி ரூமை விடவில்லையாம். பத்து மாசம், தான் தங்காத இடத்துக்குத் தன் பங்கு வாடகையைக் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். சாவி அவள் கைப்பையில் இருந்திருக்கிறது. பிறகு எப்போது விட்டாய் என்று கேட்டேன்.

"ஒரு நாளு எங்க அண்ணன்கிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்க. பையந்தான் படிச்சு முடிக்கப் போறானே, இன்னும் எதுக்கு அவளை அவ்ளோ தூரம் அனுப்புறீங்கன்னு அவுங்க கேட்டிருப்பாங்க போல. பீஸுக்காவ எல்லாம் போவல மச்சான், அவளுக்கு அந்த வேலை புடிச்சிருக்கு, அவ கைக்கு வராத நரம்பே கெடையாதுன்னு சொன்னீங்க. நான் உள்ள துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். மறுநாள் போயி சாவியைக் குடுத்துட்டேன்."

அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை, தம்பி.

ரயில் மறுபடி ஓட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. அவள் வருகிற வண்டி இன்னும் அரை மணியில் வந்துவிடும். நான் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், இதோடு நிறுத்துகிறேன்.

அப்பா